நிழற்படம் என்ற சொல்லின் பொருள்

ரொறன்ரோவின் ஹை பார்க், ஒரு ஜனவரிக் காலை. இரவெல்லாம் கொட்டிய பனி ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கறுப்பு ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். கோடை முழுவதும் நடந்து பழகிய இடம்தான். ஆனால் அன்று மரங்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கிளையும், நுனியில் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றைச் சருகுகூட, என் காலடிக்கு முன்னால் வெள்ளையில் வரைந்து கிடந்தது. அன்று தொடங்கிய பித்து இன்றுவரை தீரவில்லை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு நிழல் என்றால் ஒதுங்கும் இடம். வேம்பின் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்போம். நிழலைப் பார்க்க மாட்டோம். அதன் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்குப் பனியில்தான் தெரிந்தது. டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய நிழல் அவர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். ரொறன்ரோவில் அதே நண்பகலில் சூரியன் ஏறுவதே 23 பாகை. நிழலோ ஆளுயரத்தின் இரு மடங்குக்கும் மேல். காலையும் மாலையும் சற்று நேரமே கிடைக்கும் சாய்வெளிச்சம் இங்கே குளிர்காலத்தில் பகல் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. அதை ஏந்திக்கொள்ள மாசு மருவில்லாத வெள்ளைத் தரை வேறு. இதைவிட என்ன வேண்டும்!

இந்த நிழல்களைப் படமெடுக்க ஏன் கறுப்பு வெள்ளை? பனியில் விழும் நிழலுக்கு நேர்வெயில் கிடையாது. நீல வானத்தின் ஒளி மட்டுமே அதன்மேல் படுகிறது. அதனால் வண்ணப் படத்தில் நிழல் நீலமாக வரும். அழகுதான், ஆனால் கண் அந்த நீலத்திலேயே தங்கிவிடும். கறுப்பு வெள்ளையில் நிறம் விலகியதும் கோடு பேசத் தொடங்குகிறது. பனிமேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, காற்று வரைந்த அலைகளில் வளைந்து போகும் கோடு!

அந்த நீலமே நமக்குப் பெரிய கொடையும் ஆகிறது. லென்ஸின் முன்னால் சிவப்பு வடிகட்டியை மாட்டினால் அது நீல ஒளியை மறித்துவிடும். நிழல் மைபோலக் கறுக்கும், வானமும் கூடவே இருளும். மஞ்சள் வடிகட்டி மெல்லத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நான் பெரும்பாலும் செம்மஞ்சளோடு நிற்பேன். நிழலுக்குள்ளேயும் பனியின் பொருக்கு தெரியவேண்டும் எனக்கு.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுச்சாம்பல் என்றே எண்ணும். அதை நம்பினால் பனி அழுக்குத் துணியாக வந்து நிற்கும். ஒளியளவை ஒன்றரை ஸ்டொப் கூட்டிப் பாருங்கள், பனி பனியாகும். வெயில் பட்ட பனியில் பொருக்கு மறையாமலும் நிழலில் விவரம் சாகாமலும் அளந்து எடுப்பதற்கு அன்செல் அடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த ‘ஸோன்’ முறையைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

குருவாக நான் கொண்டாடுபவர் ஆந்த்ரே கெர்டெஸ். நியூ யோர்க்கில் வாஷிங்டன் ஸ்குயரைப் பார்த்தபடி இருந்த தன் மாடி வீட்டிலிருந்து 1954 குளிர்காலத்தில் அவர் எடுத்த படத்தைப் பாருங்கள். இலையற்ற மரங்களும் வளைந்தோடும் வேலியும் வெள்ளைத் தாளில் எழுதிய கையெழுத்துப் போல இருக்கும். வீட்டு யன்னலே போதும் என்று எனக்குத் தைரியம் தந்த படம் அது.

வெளியே போகிறவர்களுக்குச் சில சொற்கள். மாற்றுப் பற்றரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள். குளிரில் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். பிலிம் என்றால் மெதுவாகச் சுற்றுங்கள், கடுங்குளிரில் முறியும். வீட்டுக்குள் நுழையுமுன் கமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள்; சூடு ஏறும்வரை பையைத் திறக்காதீர்கள், ஈரம் கமராவில் படியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்து முடிக்குமுன் பனியில் கால் வைக்காதீர்கள். ஓர் அடித்தடம் போதும், அந்தத் தாள் கிழிந்துவிடும்.

படக்கலை பிறந்த 1839இல் அதன் முன்னோடி ஹென்றி ஃபொக்ஸ் டால்பட் அதை நிழலைப் பிடித்து நிறுத்தும் கலை என்றே விளக்கினார். நாம் ‘நிழற்படம்’ என்கிறோம். எத்தனை வருடமாகச் சொல்லிவந்த சொல்! அதன் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது அந்த ஓக் மரங்களின் நடுவேதான். அடுத்த முறை இரவில் பனி கொட்டி, காலையில் வானம் வெளுத்தால், தேநீரைப் பிறகு குடிக்கலாம். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். கமராவை எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள்.