மற்றைத் தாயும் சிறுவர் அச்சமும்

சிறுவர்க்கென எழுதப்படும் கதைகளுள் இருளும் பேயும் கொடுமையும் விரவிய ஒரு வகை உண்டு. மாயக் கதை என்னும் பெருவகையுள் இஃது அடங்குமாயினும், மகிழ்வூட்டலையே நோக்கமாகக் கொண்ட பிற மாயக் கதைகளினின்றும் வேறுபட்டு நிற்பது. இதனை ஈண்டு இருண்ட புனைகதை எனக் குறிப்போம். இவ்வகை நூல்களைப் பெற்றோர் ஐயுற்று நோக்குவர். ஆசிரியருள் சிலர் விலக்குவர். சிறுவரோ விரும்பித் தேடிப் படிப்பர். அஞ்சத்தக்கதனை அஞ்சி அகலாது அதனையே நாடிச் செல்வது எற்றுக்கு? இவ்வினாவிற்கு விடை காணாதவிடத்து, ‘இவை தீங்கு பயப்பன’ என ஒதுக்குவோர் கூற்றும், ‘சிறுவர் விரும்புகின்றனர், ஆதலின் நல்லன’ என்று ஏற்போர் கூற்றும் ஒருங்கே ஆராயப்படாது நின்றுவிடும்.

பரந்த இப்பொருளுள் ஒரு கூற்றினை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தாயே அச்சத்திற்கு இடமாகும் கதைகள் அவை. கிரிம் உடன்பிறந்தார் தொகுத்த செருமானியக் கதைகள், லூசி கிளிஃபர்டு என்னும் அம்மையார் 1882இல் எழுதிய ‘புதிய தாய்’, நீல் கெய்மன் 2002இல் வெளியிட்ட ‘கோரலைன்’ ஆகிய ஆங்கிலக் கதைகள் என்பன இதற்குக் கருவியாவன.

1. அச்சத்தின் நிலைக்களன்

மெய்ப்பாட்டியலுள் தொல்காப்பியனார் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன் கூறினார். சிறுவர் கதைகளில் வரும் பேயும் ஓநாயும் திருடரும் கொடுங்கோலரும் இந்நான்கனுள் எளிதின் அடங்குவர். தாய் இவற்றுள் எதன்பாற்படுவாள்? அவள் அச்சத்தின் நிலைக்களன் அல்லள். அச்சம் நீங்குதற்குரிய புகலிடம். இருண்ட புனைகதையின் ஆற்றல் இங்குத்தான் தொடங்குகிறது. புகலிடமே அச்சத்தின் பிறப்பிடமாக மாறும்பொழுது குழந்தைக்கு ஓடி ஒளிய வேறிடம் இல்லை.

அணங்கு என்னும் சொல் வருத்தும் தெய்வத்தையும் குறிக்கும். காண்பாரை வருத்தும் அழகினையுடைய பெண்ணையும் குறிக்கும். ஈர்ப்பும் அச்சமும் ஒரு சொல்லுள் ஒடுங்கி நிற்றல் நோக்கற்பாலது. நாம் ஆராயப் புகும் தாயருள் இறுதியில் வருபவள் இப்பொருளில் அணங்கே ஆவாள்.

2. கிரிம் தொகுப்பில் நேர்ந்த மாற்றம்

கிரிம் உடன்பிறந்தாரின் கதைத்தொகுதியின் முதற்பகுதி 1812இல் வெளிவந்தது. அப்பதிப்பில் வெண்பனி என்னும் பெண்ணின் அழகினைப் பொறாது அவளைக் கொல்ல முயன்றவள் அவளை ஈன்ற தாயே. 1819ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அத்தாய் இறந்துபட, கொலைக்கு முயன்றவள் மாற்றாந்தாய் ஆயினள். ஆன்செல், கிரேட்டல் என்னும் இருவரையும் காட்டில் விட்டுவரத் தூண்டியவளும் முதற்பதிப்பில் பெற்ற தாயே. 1840ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் அவளும் மாற்றாந்தாய் ஆயினள். நாட்டு மக்களிடை வழங்கியவற்றைத் தொகுத்தோரே தாய்மையின் மாண்பு குன்றாதவாறு கதையைத் திருத்தினர் என்பது இதனால் விளங்கும்.

இத்திருத்தம் இரண்டு விளைவுகளை உடையது. கொடுமை சிறிதும் குறையவில்லை. கொடுமைக்கு உரியவள் மட்டுமே மாறினாள். ஆதலின் அச்சத்தைக் குறைத்தல் இதன் பயன் அன்று. பெற்ற தாய் தீங்கு செய்யாள் என்னும் நம்பிக்கையைக் காத்தலே பயன். இஃது ஒன்று. மாற்றாந்தாய் என்னும் உறவின்மேல் நீங்காத பழி ஒன்று ஏற்றப்பட்டமை மற்றொன்று.

புருனோ பெட்டல்ஹைம் 1976இல் வெளியிட்ட தம் நூலில், நல்ல தாய் வேறு, தீய தாய் வேறு எனக் கதை பிரித்துக் காட்டுவதால், தாயின்மேல் சினங்கொண்ட குழந்தை தன் அன்பையும் சினத்தையும் ஒருங்கே தாங்கவல்லதாகிறது என்றார். நுண்ணிய கருத்தே. ஆயினும், மேற்காட்டிய இரு கதைகளிலும் அப்பிரிவு பதிப்பித்தோர் கையால் நேர்ந்ததன்றோ? குழந்தையின் உள்ளம் வேண்டியதா, அன்றி முதியோரின் நாணம் வேண்டியதா எனப் பகுத்துணராமல் இக்கதைகளினின்று உளவியல் முடிபு காண்டல் பொருந்தாது. ராபர்ட் டார்ன்டன் 1984இல், நாட்டுக் கதைகளை வரலாறற்ற பொருள்போலக் கொண்டு உட்பொருள் காணுதலை மறுத்துரைத்ததும் இத்தகைய காரணம் பற்றியே.

3. புதிய தாய்: ஒறுத்தலாகிய அச்சம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறுவர் அச்சம் பெரும்பாலும் ஒறுத்தற்குரிய கருவியாயிருந்தது. பிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவர் ஐன்ரிக் ஹாஃப்மன் 1845இல் வெளியிட்ட படநூலில், விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரன் கத்தரியால் துணித்துவிடுகிறான். குற்றத்தை அடுத்து ஒறுப்பு உடனே வருகிறது.

கிளிஃபர்டு அம்மையாரின் ‘புதிய தாய்’ இம்மரபில் தோன்றியது. ஆயினும் இம்மரபையே உடைப்பது. தந்தை கடலோடிச் சென்றிருக்க, தாயுடன் வாழும் சிறுமியர் இருவர், ஊருக்குச் செல்லும் வழியில் இசைக்கருவி ஒன்றை வைத்திருக்கும் பெண்ணொருத்தியைக் காண்கின்றனர். கருவியின் பெட்டிக்குள் ஆடும் சிறு மனிதர் இருவரைத் தீய குழந்தைகளுக்கு மட்டுமே காட்டுவேன் என்கிறாள் அவள். சிறுமியர் குறும்பு செய்யத் தொடங்குகின்றனர். நீங்கள் திருந்தாவிடின் நான் போய்விட நேரும். கண்ணாடிக் கண்களும் மரவாலும் உடைய புதிய தாய் வருவாள் எனத் தாய் கண்ணீருடன் கூறுகிறாள். கூறியவாறே கைக்குழந்தையுடன் சென்றும் விடுகிறாள். அந்தப் பெண்ணோ, நீங்கள் செய்த தீமை போதாது எனக் கூறி எதனையும் காட்டாமலே போகிறாள். சிறுமியர் வீட்டைத் துப்புரவாக்கி, விளக்கேற்றிக் காத்திருக்கின்றனர். வந்தவள் புதிய தாய். அவள் வாலால் கதவை உடைக்க, இருவரும் காட்டிற்கு ஓடுகின்றனர். பின்னர் இருளில் வீட்டருகே வந்து, சாளரத்தில் கண்ணாடிக் கண்கள் ஒளிர்வதைக் கண்டு மீள்வதோடு கதை முடிகிறது.

இக்கதையில் குற்றத்திற்கும் ஒறுப்பிற்கும் அளவொப்பு இல்லை. செய்தது சிறு குறும்பு, இழந்தது தாயை. வருந்தித் திருந்தியதும் பயன்படவில்லை. ஒழுக்கம் கற்பிக்கும் கதையின் உடல் இதற்கு உண்டு, உயிர் இல்லை. நன்னெறி கூறும் கதை, திருந்தியோர்க்கு வழிவிடும். இது வழியை அடைத்துவிடுகிறது. தொல்காப்பியனார் அழுகைக்கு நிலைக்களனாகக் கூறிய நான்கனுள் இழவு ஒன்று. தாய் தந்தையர் முதலாயினாரை இழத்தல் அதன்பாற்படும். மருட்கையில் தொடங்கி, அச்சத்திற் சென்று, அழுகையில் நிற்பது இக்கதை.

4. கோரலைன்: தறுகணாகிய அச்சம்

கெய்மன் தம் மூத்த மகளுக்கெனத் தொடங்கி, இளைய மகளுக்கென முடித்த கதை ‘கோரலைன்’. பல குடியிருப்புகளாகப் பகுக்கப்பட்ட பழைய வீடொன்றிற்குப் புதிதாக வந்த சிறுமி கோரலைன். பெற்றோர் வீட்டிலிருந்தே கணிப்பொறியில் பணிபுரிவோர். அன்பிலர் அல்லர், ஓய்விலர். கூடத்தின் ஒரு கதவைத் திறந்தால் செங்கற்சுவரே தோன்றும். ஒரு நாள் அது திறந்தபோது சுவர் இல்லை. இருண்ட நடைவழி இருந்தது. அப்பால் அதே வீடு. அதே தாய் போன்ற ஒருத்தி. கண்கள் மட்டும் கரிய பொத்தான்கள்.

இவளை நூல் அழைக்கும் பெயரைத் தமிழில் பெயர்ப்பார் மாற்றாந்தாய் எனல் ஆகாது. மாற்றாந்தாய் என்பது தந்தையின் மணத்தால் வருவதோர் உறவு. ஒருத்தி நீங்கியபின் அவளிடத்திற்கு மற்றொருத்தி வருதலைக் குறிப்பது. இவளோ தாய் இருக்கவே உடனிருப்பவள். மற்றைத் தாய் என்பதே பொருந்தும். கிரிம் பதிப்புகள் இரண்டாகப் பிரித்த தாயரை, இந்நூல் ஒரே காலத்தில் ஒரே சுவரின் இருபுறத்தும் நிறுத்திவிடுகிறது.

மற்றைத் தாய் நல்லுணவு அளிக்கிறாள், எப்பொழுதும் உடனிருக்கிறாள், வேண்டியவை யாவும் தருவேன் என்கிறாள். ஈடாக அவள் கேட்பது ஒன்றே: கண்களில் பொத்தான் தைத்துக்கொள்ள வேண்டும். கிளிஃபர்டின் புதிய தாய் குற்றத்தின் பின் வருபவள். இவள் விருப்பத்தின் பின் வருபவள். ஓய்வுடைய தாய் வேண்டும் என்று எந்தக் குழந்தை விரும்பாதது? அவ்விருப்பம் குற்றமன்று என்பதை நூல் அறியும். அவ்விருப்பத்திற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அறியும். வேண்டியன யாவும் வேண்டியவாறே கிடைக்குமாயின் அதில் பொருள் யாது எனக் கோரலைன் பின்னர் வினவுமிடத்து, நீதி ஆசிரியர் வாயிலிருந்து வாராது குழந்தையின் அறிவிலிருந்தே பிறக்கிறது.

நூலின் நடுநாயகமாகத் திகழ்வது குளவி நிகழ்ச்சி. பெற்றோரை மற்றைத் தாய் கவர்ந்து சென்றபின், கோரலைன் தானே மீண்டும் கதவைத் திறக்கிறாள். அப்பொழுது தந்தையைப் பற்றிய ஒன்றை உடன்வரும் பூனைக்குக் கூறுகிறாள். ஒரு நாள் குளவிக்கூட்டை மிதித்த தந்தை, மகளை ஓடச் சொல்லித் தாம் கொட்டுப்பட்டு நின்றார். பின்னர், விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க அங்கே திரும்பச் சென்றார். முன்னது வீரம் அன்று, அது செய்தேயாக வேண்டியது. அஞ்சிக்கொண்டே மீளச் சென்றதுதான் வீரம் என்றார் அவர். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய தறுகண் என்பதற்கு அஞ்சாமை எனப் பொருள் கொள்வதே மரபு. கெய்மன் காட்டும் தறுகண் அஞ்சாமை அன்று. அச்சத்தை உடன்கொண்டு செல்லும் செயல். இவ்விடத்து நம் கருவி இக்கதைக்கு முழுதும் பொருந்தவில்லை என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனினும் அப்பொருந்தாமையே கதையின் தனித்தன்மையை நமக்குப் புலப்படுத்துகிறது.

முடிவு இன்னும் சிறப்புடையது. பெற்றோரையும், முன்னர் அகப்பட்டிருந்த மூன்று குழந்தைகளின் உயிர்களையும் மீட்டு அவள் வீடு திரும்பியபின்னும், மற்றைத் தாயின் துணிபட்ட வலக்கை திறவுகோலைத் தேடி வருகிறது. ஆணை மீறாமைக்கு அவள் பிணையாகக் கூறியதும் அவ்வலக்கையே. கோரலைன் பாழ்ங்கிணற்றின் வாயில் விரிப்பொன்றைப் பரப்பி, பொம்மைக் கிண்ணங்களில் நீர் நிரப்பி விரிப்பு நழுவாதபடி வைத்து, பொம்மைகளுக்கு விருந்திடுவதுபோல் நடித்து, நடுவே திறவுகோலை வைக்கிறாள். பாய்ந்த கை கிணற்றுள் வீழ்கிறது. குழந்தை விளையாட்டே படைக்கலம் ஆயிற்று. முதியோர் எவரும் உதவவில்லை, மந்திரமும் உதவவில்லை. சிறுவர் இயல்பாக உடையது எதுவோ அதுவே வென்றது.

5. தடையும் விடையும்

இந்நூலை முதியோர் கொடுங்கனவாகவும், சிறுவர் துணிவுச் செயலாகவும் படிக்கின்றனர் எனக் கெய்மன் பலகாலும் கூறியுள்ளார். இஃது ஆசிரியர் தம் பட்டறிவேயன்றி அளந்து கண்ட முடிபு அன்று. ஆயினும் நூலின் அமைப்பு இதற்குச் சான்று பகர்கிறது. முதியோர் இடருட்பட்ட குழந்தையைக் காண்கின்றனர். சிறுவர் செயலாற்றும் குழந்தையைக் காண்கின்றனர்.

அங்ஙனமாயின், செயலுக்கு இடமளியாத ‘புதிய தாய்’ மறக்கப்பட்டிருக்க வேண்டுமன்றோ எனின், அன்று. அதுவும் படித்தோர் நெஞ்சில் நிலைத்தே உள்ளது. ஆனால் நிலைக்கும் முறை வேறு. ஒன்று புண்ணாக நிலைக்கிறது. மற்றொன்று வலிமையாக நிலைக்கிறது. ஆகவே கவர்ச்சி ஒன்றினையே அளவுகோலாகக் கொண்டு இவ்வகை நூல்களை மதித்தல் பிழையாம். அச்சத்தின் மிகுதி கொண்டு விலக்கலும் பிழையே. மென்மையான உள்ளமுடைய குழந்தை ஒன்று ‘கோரலைன்’ படித்து உறக்கம் இழத்தல் கூடும், அதனை மறுப்பதற்கில்லை. அக்குழந்தைக்கு வேண்டுவது நூலைப் பறித்தல் அன்று. கிணற்றங்கரை வரையில் உடனிருந்து படித்தல்.

இதுகாறும் கூறியவாற்றால், இருண்ட புனைகதையைச் சிறுவர் நாடுவது அச்சத்தின்பொருட்டு அன்று என்பதும், அச்சத்தின் அப்பாலுள்ள ஒன்றினைக் கதை தருமென்னும் எதிர்பார்ப்பினாலேயே என்பதும் பெறப்படும். கதை அதனைத் தந்ததா, ஏய்த்ததா என ஆராய்தலே திறனாய்வாளர் கடன். மருட்கை, அச்சம், பெருமிதம் என எண்வகை மெய்ப்பாட்டினுள் இம்மூன்றும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. அம்முறைவைப்பிற்கு இக்கருத்தே காரணம் என்று யாம் கூறத் துணிந்திலேம். ஆயினும், நல்ல சிறுவர் கதை செல்லும் வழி அதுவே என்பதில் ஐயமில்லை.