ஊருக்குள்ளேயே ஒரு சர்வர்

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளுக்குத் தடை விதித்தது. பப்ஜி மொபைலும் அந்தப் பட்டியலில் இருந்தது. அக்டோபர் 30 அன்று டென்சென்ட் நிறுவனம் இந்தியாவுக்கான சேவையை முழுதாக நிறுத்தியது. பிள்ளைகள் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த ஸ்கின்களும் ரேங்க்கும் அன்று கைக்கு எட்டாமல் போயின. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் அதே கதி. தடை வந்தால்தான் ஆட்டம் நிற்கும் என்றும் இல்லை. 2021 அக்டோபர் கடைசியில் ரோப்ளாக்ஸ் உலகம் முழுக்க 73 மணி நேரம் முடங்கியது. அதை வீட்டுக் கணினியில் நடத்திக்கொள்ள வழியே கிடையாது. ஒவ்வொரு ஆட்டமும் அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் ஓடியாக வேண்டும்.

சுட்டு விளையாடும் ஆட்டம் நின்றால் புள்ளி போகும். கட்டி விளையாடும் சாண்ட்பாக்ஸ் ஆட்டம் நின்றால் வீடும் பாலமும் தோட்டமும் போகும். பத்து வயதுப் பிள்ளை ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டியது அது. அதனால்தான் சாண்ட்பாக்ஸ் ஆட்டம் எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கம்பெனியும் நெட்டும் இல்லாத நாளில் இந்த உலகம் யாரிடம் இருக்கும்?

பொள்ளாச்சியிலிருந்து அம்பராம்பாளையம் வழியாகத் திருச்சூர் போகும் சாலையில், கேரளத்துக்குள் நுழைந்ததும் வருகிற ஊர் கோவிந்தாபுரம். முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. சுற்றிலும் மாந்தோப்பு, தெற்கே நெல்லியாம்பதி மலை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு கே-ஃபோன் இணையத் திட்டத்தைத் தொடங்கிவைத்தாலும், எல்லையோர வீடுகளில் பிள்ளைகளின் விளையாட்டு இன்னும் கைபேசி டேட்டாவை நம்பித்தான் நடக்கிறது. நெட் இல்லாமல் ஓடும் ஆட்டத்துக்கு இதைவிடக் கறாரான பரீட்சைக் களம் வேண்டியதில்லை.

பரீட்சைக்கு எடுத்துக்கொண்ட சாமான்களும் இந்தப் பக்கத்து வீடுகளில் கிடைப்பவையே. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் வரிசை லேப்டாப்புகளில் 2 ஜி.பி. ராம், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். ஆனைமலைப் பக்கம் அவை இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. கேரளப் பக்கம் அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தன் பள்ளிகளுக்கென்றே ஒரு க்னூ/லினக்ஸ் தயாரித்துத் தருகிறது. எல்லைக்கு இரு பக்கமும் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் அறிமுகமான விஷயம்தான். ஆக, பழைய லேப்டாப் ஒன்று சர்வர். விளையாட ஆண்ட்ராய்டு கைபேசிகள். நடுவில் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் மட்டும் போட்ட இன்னொரு கைபேசி.

முதலில், எல்லோருக்கும் தெரிந்த மைன்கிராஃப்ட். மார்க்கஸ் பெர்சன் 2009இல் வெளியிட்டது. 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 30 கோடிக்கு மேல் விற்ற ஆட்டம். கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கான சர்வர் மென்பொருளை, ஆட்டத்தைத் தயாரிக்கும் மொஜாங் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. முதல் தடவை ஓட்டினால் உரிம ஒப்பந்தக் கோப்பு ஒன்றை எழுதிவைத்துவிட்டு நின்றுவிடும்; அதில் சம்மதம் என்று மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். 25565 என்ற போர்ட்டில் உலகம் திறக்கும். இதுவரை நல்லபடி.

சிக்கல் அதற்குப் பிறகுதான். உள்ளே வரும் ஒவ்வொரு ஆளும் பணம் கொடுத்து வாங்கிய கணக்குள்ளவர்தானா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் மொஜாங்கைக் கேட்கிறது. நெட் போனால் யாரும் உள்ளே வர முடியாது. அமைப்புக் கோப்பில் 'ஆன்லைன் மோட்' என்ற வரியைப் பொய் என்று மாற்றினால் அந்தக் கேள்வி நிற்கும். ஆனால் அப்போது யார் வேண்டுமானாலும் யாருடைய பெயரிலும் நுழையலாம். தம்பி அண்ணன் பெயரைப் போட்டு அவன் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகலாம். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. ஆன்லைன் முறையில் ஓடிய உலகத்தை இடையில் ஆஃப்லைன் முறைக்கு மாற்றினால், ஆட்டக்காரரை அடையாளம் காட்டும் எண்ணே மாறிவிடும். பழைய ஆளாகவே நுழைந்தாலும் கையிலிருந்த சாமான் ஒன்றும் இருக்காது. கட்டியது கட்டிய இடத்தில் நிற்கும், சட்டைப்பை மட்டும் காலியாக இருக்கும். எந்த முறை என்பதை முதல் நாளே முடிவுசெய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மொஜாங்கின் பிடி சொந்த சர்வருக்குள்ளும் நீள்கிறது. 2022 ஜூலையில் வந்த 1.19.1 பதிப்பிலிருந்து, அரட்டையில் எழுதியதற்காக நிறுவனம் தடை போட்ட ஆட்டக்காரர் தனியார் சர்வர்களிலும் சேர முடியாது. 2023 செப்டம்பரில் பழைய மொஜாங் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் கணக்காக மாற்றும் கெடு முடிந்தபோது, மாற்றாமல் விட்டவர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தையே இழந்தார்கள். போதாக்குறைக்கு, புதிய பதிப்புகளுக்குக் குறைந்தது 64 பிட் ஜாவா 21 வேண்டும். சர்வருக்கு மட்டுமே ஒன்றிரண்டு ஜி.பி. ராம் ஒதுக்க வேண்டும். விலையில்லா லேப்டாப் மூச்சுவாங்கி நின்றுவிடும். கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பு தனி இனம். இடையில் கெய்சர் என்ற மென்பொருளைப் போடாமல் அது ஜாவா சர்வரோடு பேசாது. பெட்ராக் கைபேசிகள் மட்டும் ஒரே வைஃபையில் இருந்தால், ஒருவர் திறந்த உலகத்தில் மற்றவர்கள் சேரலாம். அந்த ஒரு வசதி உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது.

டெராரியா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் வந்த இருபரிமாண ஆட்டம், சர்வர் மென்பொருள் ஆட்டத்தோடேயே வருகிறது, 7777 போர்ட். உலகம் முழுவதும் ஒரே கோப்பு, பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம். பழைய லேப்டாப்புக்குப் பாரமே இல்லை. சண்டை ஆட்டம் பிடித்த பிள்ளைகளுக்கு ஏற்றது. கட்டுவதில் ஆசையுள்ளவர்களுக்கு இடம் போதாது.

இனி லுவான்டி. பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024 அக்டோபரில் பெயர் மாறிய கட்டற்ற மென்பொருள். விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்கும் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். எல்லாம் ஒரே சர்வரில் சேரும். இந்தக் கடைசி வசதிதான் கோவிந்தாபுரத்துக்கு முக்கியம். ஒரு வீட்டில் லேப்டாப், அடுத்த வீட்டில் கைபேசி என்றிருக்கும் இடத்தில், யாரிடம் எது இருக்கிறதோ அதை வைத்தே விளையாடலாம்.

லுவான்டியை ஆட்டம் என்பதைவிட ஆட்டங்களை ஓட்டும் இன்ஜின் என்பதே சரி. இங்கேதான் முதல் தடுக்கல் வருகிறது. 5.8 பதிப்பிலிருந்து இன்ஜினோடு எந்த ஆட்டமும் சேர்ந்து வருவதில்லை. நெட் இல்லாத இடத்தில் புதிதாக நிறுவித் திறந்தால் வெறும் மெனுதான் தெரியும். நெட் கிடைக்கும் இடத்திலேயே அதற்கான கன்டென்ட்டிபி என்ற களஞ்சியத்திலிருந்து ஆட்டத்தை இறக்கிக்கொண்டு, பிறகு அந்த 'கேம்ஸ்' ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து மற்ற கணினிகளுக்குப் போடலாம். மைன்கிராஃப்ட் போலவே வேண்டும் என்பவர்களுக்கு வாக்ஸ்லிப்ரே, மைன்குளோனியா என்று இரண்டு உண்டு. சர்வராக இருக்கும் கணினியில் ஆட்டம் இருந்தால் போதும். சேரும் கைபேசிகளுக்குப் படங்களையும் ஒலிகளையும் சர்வரே அனுப்பிவைக்கிறது. முதல் தடவை சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அடுத்த தடவை சட்டென்று உள்ளே போகலாம்.

ஆட்டம் தொடங்கும் பக்கத்தில் 'ஹோஸ்ட் சர்வர்' என்பதை டிக் செய்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் லேப்டாப் சர்வராகிவிடும். கைபேசிகளில் அந்த லேப்டாப்பின் ஐ.பி. எண்ணையும் 30000 என்ற போர்ட்டையும் தட்ட வேண்டும். புது ஆள் முதல் தடவை வரும்போது தனக்கொரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்கிறார். அது அந்த உலகத்தின் ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. மைன்கிராஃப்டின் ஆஃப்லைன் முறையில் வரும் பெயர்த் திருட்டு இங்கே அடிப்படையிலேயே அடைபட்டுவிடுகிறது. இப்படி ஒரு சின்ன விஷயத்தைச் சரியாக யோசித்துச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இணைப்பில் தடுக்கல் பெரும்பாலும் கைபேசியால் வருகிறது. ஹாட்ஸ்பாட்டில் நெட் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆட்டம் பாதியில் அறுந்துபோகும். 'இணைப்பில் இரு' என்ற கேள்விக்கு ஆம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் சேரும் ஆட்கள் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. பெரிய கூட்டம் என்றால் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்று போதும். நெட் இணைப்பே வேண்டாம், கரண்ட் மட்டும் கொடுத்தால் சரி. ஒரே வீட்டுக்குள் சிக்னல் பாய்வதால் லேக் என்ற பேச்சே எழுவதில்லை.

2 ஜி.பி. லேப்டாப்பில் லுவான்டி தாக்குப்பிடிக்கிறது. பார்வை தூரத்தைக் குறைத்துவைக்க வேண்டும். லேப்டாப்பில் யாரும் விளையாடாமல், திரையில்லாத சர்வராக மட்டும் ஓட்டினால் இன்னும் இலகு. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரி கொஞ்ச நேரம் ஈடுகொடுக்கும். பழைய பேட்டரி செத்திருந்தால் ராஸ்பெரி பை 4 நல்ல மாற்று. 2019இல் வந்த அந்தச் சிறு போர்டுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் பவர்பேங்க் போதும்.

பிள்ளைகளுக்கு இதில் உண்மையான பொக்கிஷம், ஆட்டத்தை நாமே மாற்றியமைக்கும் மோட்தான். லுவான்டியின் ஆட்டங்கள் எல்லாம் லுவா என்ற எளிய மொழியில் எழுதியவை; நோட்பேடில் திறந்து படிக்கலாம், மாற்றலாம். மைன்டெஸ்ட் கேம் என்ற அடிப்படை ஆட்டத்தில் ஆப்பிள் மரம் இருக்கிறது. நாட்டிலேயே முந்திச் சந்தைக்கு வரும் மாங்காய்களில் முதலமடை மாங்காயும் ஒன்று. இந்த ஊரில் ஆப்பிள் மரம் எதற்கு? அந்த ஆப்பிள் படம் 16 பிக்சலுக்கு 16 பிக்சல்தான். பெயின்ட் மென்பொருளில் அதே அளவில் மாங்காய் வரைந்து, அதே பெயரில் ஒரு சிறு மோடாக வைத்தால், சேரும் எல்லாக் கைபேசியிலும் மாமரம் காய்க்கிறது. பள்ளியில் நிரல் எழுதக் கற்ற பிள்ளைக்கு இது ஒரு மாலை வேலை. 2014இல் டென்மார்க்கின் நில அளவைத் துறை தன் நாடு முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் மைன்கிராஃப்டில் கட்டி வெளியிட்டது. மீங்கரை அணையையும் சுள்ளியாற்று அணையையும் இங்குள்ள பிள்ளைகள் கட்டிப் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை: லுவான்டி உலகம் ஒவ்வொரு திசையிலும் சுமார் 62,000 கட்டைகள் நீளம்.

குறை இல்லாமல் இல்லை. தமிழுக்கு அது இன்னும் தயாராகவில்லை. இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஏற்பாடு இன்ஜினில் இப்போதைக்குக் கிடையாது. தமிழ் எழுத்துருவைக் கையால் சேர்த்தாலும், பலகையில் 'முதலமடை' என்று எழுதினால் டகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மலையாளத்துக்கும் இதே பாடுதான். இரண்டு மொழியில் வாழும் பிள்ளைகளின் ஊரில் இது சாதாரணக் குறை அல்ல. கட்டற்ற மென்பொருள் என்பதால், தெரிந்தவர்கள் கைவைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை. தொடுதிரைக் கட்டுப்பாடும் பெட்ராக் அளவுக்கு வழவழப்பாக இல்லை. சிறிய திரையில் கட்டையை வைக்கப் போய் உடைத்துவிடும் விரல்கள் உண்டு.

அப்படி உடைந்ததை மீட்க வழியிருக்கிறது. அமைப்புகளில் 'ரோல்பேக்' பதிவை முன்கூட்டியே இயக்கிவைத்தால், யார் எதை உடைத்தார் என்று பார்த்து, அவர் செய்ததை மட்டும் பின்னுக்கு ஓட்டலாம். தினமும் ஆட்டம் முடிந்ததும் சர்வரை நிறுத்திவிட்டு 'வேர்ல்ட்ஸ்' ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுத்துவைப்பது கட்டாயம். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. பெற்றோருக்கும் ஒரு நிம்மதி: பொதுப் பட்டியலில் அறிவிக்கும் வசதியை யாராவது வேண்டுமென்றே இயக்கினால் ஒழிய, முகம் தெரியாத ஆட்கள் இந்த உலகத்துக்குள் வர மாட்டார்கள்.

சொந்த சர்வர் என்பது வெளிநாட்டிலும் இன்று பெரிய விவாதமாகியிருக்கிறது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' ஆட்டத்தின் சர்வர்களை அணைத்தபோது, வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் அதிலிருந்து பிறந்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அதன் மனு பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. 2012இல் மூடப்பட்ட லெகோ யுனிவர்ஸ் ஆட்டத்துக்கு ரசிகர்கள் சர்வரைப் புதிதாகவே எழுதி, 2021 டிசம்பரில் மூல நிரலை வெளியிட்டார்கள். ஆனால் மூடிய நாளில் பிள்ளைகள் கட்டிவைத்திருந்தவை திரும்பி வரவில்லை.

மூன்றிலும் முதலிடம் லுவான்டிக்கே. மைன்கிராஃப்டை ஏற்கெனவே வாங்கிவைத்திருப்பவர்கள் பெட்ராக் வைஃபை ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்; வாங்காதவர்கள் அதற்காக உரிமமில்லாத லாஞ்சர்களைத் தேடிப் போவது வேண்டாத வேலை, வைரஸும் கூட வரும்.

பொள்ளாச்சியில் இருக்கும் மாமா பிள்ளைகளையும் இதே உலகத்தில் சேர்க்க வேண்டுமென்றால் மட்டும் நெட் தேவைப்படும். கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி. எண்ணைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியிலிருந்து நேராகச் சர்வருக்குள் வர முடியாது. ஜீரோடயர் அல்லது டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருளை இரு பக்கமும் போட்டு, அது தரும் ஐ.பி. எண்ணைத் தட்டினால் இணைந்துகொள்ளலாம். கோவிந்தாபுரத்தில் நெட் அறுந்தால் பொள்ளாச்சிப் பிள்ளைகள் மட்டும் வெளியே விழுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் தொடர்ந்து விளையாடலாம்.