மச்சாப் ஏரிக்கரைத் தார்ப்பாய்

மலேசியாவின் ஜொகூரிலுள்ள சிம்பாங் ரெங்கம் என்றால் பலருக்கும் அன்னாசிதான். எனக்கு அருகிலுள்ள மச்சாப் நீர்த்தேக்கமும் நினைவுக்கு வரும். அது குடிநீருக்கானது, அதனால் அனுமதி கேட்காமல் கரையில் தங்கக் கூடாது. சோப்பு நுரை ஏரிக்குள் போகவே கூடாது.

அங்கே, மின்சாரமோ குழாயோ இல்லாத முகாமுக்குக் கடையில் விற்கும் மூடிய கூடாரம் வேண்டாம் என்பேன். நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைகூட விலகாத ஊர் இது. ஜிப்பை இழுத்து மூடினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். 10 அடிக்கு 12 அடித் தார்ப்பாயும் நைலான் கயிறும் போதும். இரு மரங்களுக்கிடையே கயிற்றை விறைப்பாகக் கட்டி, பாயைக் குறுக்கே போட்டு, காற்று வரும் பக்கத்தைத் தாழ இழுக்க வேண்டும். தலைக்கு மேல் பட்ட கிளை இருந்தால் வேறு மரம் பாருங்கள்.

எனக்குப் பிடித்த நுட்பம் இன்னும் சிறியது. மழைநீர் மரத்திலிருந்து கயிறு வழியே ஊர்ந்து பாய்க்கடியில் வந்து சொட்டும். பாயின் விளிம்புக்குச் சற்று வெளியே, கயிற்றில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அங்கேயே இறங்கிவிடும். செலவே இல்லை! பருவமழை கொட்டும் டிசம்பரில் மட்டும் எந்த நூலும் உதவாது, வீட்டிலேயே இருக்கலாம்.