பிடித்த எபிசோடு என்னும் அளவுகோல்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெஸ்டர்ன் தொடர்கள் கொடிகட்டிப் பறந்தது 1950களின் கடைசியில். 1958-59 பருவத்தில் அதிகம் பேர் பார்த்த முதல் 10 நிகழ்ச்சிகளில் 7 வெஸ்டர்ன்கள். முதல் நான்கு இடங்களையும் ‘கன்ஸ்மோக்’, ‘வேகன் டிரெய்ன்’, ‘ஹேவ் கன் வில் டிராவல்’, ‘தி ரைஃபிள்மேன்’ ஆகியவை பிடித்திருந்தன. மறுஒளிபரப்பில் இவை இன்றும் ஓடுகின்றன. இவற்றைப் பற்றிப் பேசும் ரசிகர் பெரும்பாலும் தொடரை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. தமக்குப் பிடித்த சில எபிசோடுகளைப் பொறுக்கியெடுத்து, சினிமாவில் வெஸ்டர்ன் எடுத்த ஜான் ஃபோர்டு, ஹோவர்ட் ஹாக்ஸ் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார். விமர்சகர்கள் அதிகம் கண்டுகொள்ளாத இந்தத் தொடர்களுக்கு நடைமுறையில் விமர்சனமாக இருப்பதும் இந்தப் பழக்கம்தான்.

இதற்கு நியாயம் உண்டு. அந்தக் காலத்துத் தொடர்களில் ஒரு வாரக் கதை மறு வாரத்துக்கு ஒட்டாது. எந்த எபிசோடையும் எந்த வரிசையிலும் பார்க்கலாம். ஆகவே தனி எபிசோடைத் தனிப் படைப்பாக மதிப்பிடுவது தொடரின் அமைப்புக்கே பொருந்துகிறது. 1955 செப்டம்பர் 10 அன்று வெளியான ‘கன்ஸ்மோக்’கின் முதல் எபிசோடு நல்ல எடுத்துக்காட்டு. வெஸ்டர்ன் பட நட்சத்திரம் ஜான் வெய்ன் திரையில் வந்து அறிமுகம் செய்துவைத்த தொடர் அது. டாட்ஜ் சிட்டிக்கு வரும் டான் கிராட், மார்ஷல் மாட் டில்லனை முந்திக்கொண்டு சுட்டு வீழ்த்துகிறான். நாயகன் முதல் நாளே தோற்றுப்போகிறான். காயத்தோடு கிடக்கும் டில்லனுக்கு ஒன்று பிடிபடுகிறது: கிராட்டுக்குக் கைவேகம் உண்டு, குறி கிடையாது; அதனால்தான் எதிராளியை ஒட்டி வந்து சுடுகிறான். அடுத்த முறை டில்லன் அவனை நெருங்க விடுவதில்லை. வீரத்தைத் தூரக் கணக்காக மாற்றிவிடும் இந்தக் கதைக்கு அரை மணி நேரம் தாராளம். முழுநீளப் படமாக இழுத்திருந்தால் நீர்த்துப்போயிருக்கும்.

பொறுக்கியெடுப்பதால் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் வெளிச்சத்துக்கு வருகிறார்கள். ‘தி வைல்டு பஞ்ச்’ (1969) எடுத்த சாம் பெக்கின்பா அதற்கு முன்பே ‘கன்ஸ்மோக்’குக்கு எழுதியவர், 1960இல் ‘தி வெஸ்டர்னர்’ என்ற தொடரை உருவாக்கினார். 13 எபிசோடுகளோடு அது நின்றுபோனது. அதன் முதல் கதையில் நாயகன் ஒரு மதுக்கடையிலிருந்து ஒரு பெண்ணை மீட்கப் போகிறான். கடைசியில் அவள் அவனோடு வர மறுத்துவிடுகிறாள். குடும்பங்கள் கூடியிருந்து பார்க்கும் நேரத்தில் இப்படியொரு முடிவு வந்திருக்கிறது. தொலைக்காட்சி வெஸ்டர்ன் சினிமாவுக்கான பயிற்சிக்கூடம் மட்டுமே என்ற வழக்கமான பேச்சு இந்த ஒரு எபிசோடோடு அடிபட்டுப்போகிறது. இதை நினைவில் காத்துவைத்தவர்கள் ரசிகர்கள்தாம்.

படத்தோடு ஒப்பிடும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தின் பலம் மானுமென்ட் பள்ளத்தாக்கின் விரிவில் இருக்கிறது. மனிதன் அங்கே ஒரு புள்ளி. 1950களின் சின்னத்திரையில் அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. அதனால் தொலைக்காட்சி முகங்களை நம்பியது, அறைக்குள் நடக்கும் பேச்சை நம்பியது, ஸ்டுடியோவுக்குள் போட்ட ஒரே தெருவைத் திரும்பத் திரும்பக் காட்டியது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் தொடர் எப்போதும் ஏழை உறவினராகவே தெரியும். ஃபோர்டே ஒருமுறை இரண்டையும் சேர்த்துத் தைத்துப் பார்த்தார். 1960இல் ‘வேகன் டிரெய்ன்’ தொடருக்காக அவர் இயக்கிய ‘தி கோல்டர் கிரேவன் ஸ்டோரி’யில், பயணக் காட்சிகள் பல அவருடைய பழைய படமான ‘வேகன் மாஸ்டர்’ (1950) படத்திலிருந்து எடுத்தாளப்பட்டவை. குடிக்கு அடிமையாகி, கத்தியைத் தொடவே அஞ்சும் மருத்துவர் ஒருவருக்கு, வார்டு பாண்டு நடித்த, வண்டிக் கூட்டத்தின் தலைவரான மேஜர் ஆடம்ஸ், உள்நாட்டுப் போர் ஜெனரல் யுலிசிஸ் கிராண்டின் கதையைச் சொல்லித் தெம்பூட்டுகிறார். ஜெனரல் ஷெர்மனாக ஒரு கணம் வந்துபோவது ஜான் வெய்ன். பெயர்ப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர். ரசிகர்கள் இந்த எபிசோடைக் கொண்டாடக் காரணம் பெரும்பாலும் ஃபோர்டும் வெய்னும். ஆனால் உயிர் இருப்பதோ மேஜரும் மருத்துவரும் பேசும் இடத்தில். கடன் வாங்கிய நிலக்காட்சி அங்கே வெறும் பின்னணி.

இதைவிடப் பெரிய குறை, பட்டியல்கள் விதிவிலக்கையே தேடுவது. நாயகன் தோற்கும் கதை, பெரிய நட்சத்திரம் விருந்தாளியாக வரும் கதை, வழக்கத்தை உடைக்கும் கதை ஆகியவைதான் முன்னுக்கு வருகின்றன. 1973இல் வந்த ‘கன்ஸ்மோக்’ எபிசோடான ‘மாட்ஸ் லவ் ஸ்டோரி’யில் டில்லன் நினைவிழந்து ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அது மனத்தில் தைப்பதற்குக் காரணம், அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகளாக அவன் யாரிடமும் வாய்திறந்து காதலைச் சொன்னதில்லை என்பதே. மதுக்கடை நடத்தும் கிட்டியோடு அவனுக்கு இருந்த உறவு பார்வையிலும் ஒரு கிளாஸ் பீரிலும் முடிந்துகொண்டிருந்தது. யாரும் பட்டியலில் சேர்க்காத நூற்றுக்கணக்கான சாதாரண எபிசோடுகள் கட்டிவைத்த மௌனம் அது. 635 எபிசோடுகள் கொண்ட ‘கன்ஸ்மோக்’ போன்ற தொடரின் கலை அந்தத் திரும்பச் செய்தலில்தான் இருக்கிறது. 1975 மார்ச் 31 அன்று வந்த கடைசி எபிசோடில்கூட விடைபெறும் காட்சி கிடையாது. சோம்பேறி விவசாயக் குடும்பம் ஒன்றின் கலகலப்பான கதை, அவ்வளவே. தொடர் நிறுத்தப்படுவது தெரியாமலே எடுக்கப்பட்டது. எந்தப் பட்டியலுக்கும் அது வராது. ஆனால் தொடரின் இயல்பு அதில்தான் அப்படியே இருக்கிறது.

பட்டியல் ஒருமுறை உருவாகிவிட்டால் அதைத் திருத்துவதும் கடினம். படங்களுக்கு அப்படியில்லை. ‘தி சர்ச்சர்ஸ்’ வந்த ஆண்டில் ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட அதற்குக் கிடைக்கவில்லை. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அது 7ஆம் இடம் பிடித்தது. இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் யாரும் மறுபடி பார்த்துத் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இது நடந்தது. ‘கன்ஸ்மோக்’கின் இருபது பருவங்களை அப்படி மறுபடி பார்ப்பவர் அபூர்வம். ஆகவே பழைய பரிந்துரைகளே கைமாறிக்கொண்டிருக்கின்றன. எது மறுஒளிபரப்பில் கிடைத்தது என்பதும் ருசியைத் தீர்மானிக்கிறது. ‘கன்ஸ்மோக்’கின் அரை மணி நேரக் கறுப்பு-வெள்ளைக் கதைகள் ‘மார்ஷல் டில்லன்’ என்ற வேறு பெயரில் ஓடின. 1966க்குப் பிந்திய வண்ண எபிசோடுகளை மட்டும் பார்த்தவருக்கு டில்லனின் உதவியாளன் என்றால் ஃபெஸ்டஸ், பழையதைப் பார்த்தவருக்குச் செஸ்டர். விளம்பரத்துக்காக நிமிடங்களை வெட்டி ஓட்டும் வழக்கம் வேறு இருக்கிறது. கதையில் ஓட்டை என்று ரசிகர் குறை சொல்லும் இடம் சில சமயம் கத்தரி போட்ட இடமாகவும் இருக்கலாம்.

பிடித்தவற்றின் பட்டியல் எதைப் பேசாமல் விடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ‘பொனான்சா’ தொடரின் பண்ணைக் குடும்பத்தில் மூன்று மகன்களுக்கும் மூன்று தாய்கள், மூவருமே இறந்துவிட்டவர்கள்; பண்ணை ஆண்களின் உலகமாகவே நிற்க இது வசதி. பூர்வகுடிகள் விஷயம் இன்னும் மோசம். ‘புரோக்கன் ஆரோ’ தொடரில் (1956-58) அப்பாச்சி தலைவர் கொச்சீஸாக நடித்த மைக்கேல் அன்சாரா சிரியாவில் பிறந்தவர். ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தின் கொமான்சி தலைவன் ஸ்காராக நடித்த ஹென்றி பிராண்டன் ஜெர்மனியில் பிறந்தவர். கூட்டத்தில் கொமான்சிகளாக நின்றவர்கள் நவஹோக்கள். படத்தைப் பற்றிய விமர்சனங்கள் இந்தக் கேள்வியைப் பல பத்தாண்டுகளாகத் துருவியிருக்கின்றன. நாயகன் ஈத்தனின் இனவெறியைப் படம் கண்டிக்கிறதா, பகிர்ந்துகொள்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தொடர்களின் மேல் அந்தக் கேள்வி அவ்வளவாக விழவில்லை. தனி எபிசோடை மட்டும் எடுத்துப் பார்த்தால் அதில் வரும் பூர்வகுடி ஒரு வாரத்து வில்லன் அல்லது ஒரு வாரத்து நல்லவன். வாரந்தோறும் அவர் வந்து, கதை முடிந்ததும் காணாமல் போவது வரிசையாகப் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் படும்.