நடத்தையியல் ஆய்வும் கணிப்பொறிப் பயிற்சியும்

நடத்தையியல் ஆய்வாளர்க்குக் கணிப்பொறி முறைகளைக் கற்பித்த நூல்களுள், நை, பெண்ட், ஹல் என்னும் மூவர் 1970-இல் வெளியிட்ட எஸ்.பி.எஸ்.எஸ். கையேடு தலையாயது என்பது எம் கருத்து. அந்நிரல் தொகுப்பு 1968-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. ஃபோர்ட்ரான் மொழி அறியாத ஆய்வாளரும் தாமே கணக்கிடுதற்கு அஃது வழிவகுத்தது. கட்டளைகளை மட்டும் கூறியமையாது, அவற்றிற்குரிய புள்ளியியல் விளக்கத்தையும் உடன் தந்தமை கையேட்டின் சிறப்பாகும்.

எனினும், எளிமை ஓர் இடரையும் உடன்கொணர்ந்தது. பத்துப் பண்புகளை ஒரே கட்டளையில் ஒப்பிடின் 45 ஒட்டுறவுகள் கிட்டும். அவற்றுள் மெய்யுறவு ஒன்றேனும் இல்லையாயினும், 5 விழுக்காட்டு நிலையில் ஏறத்தாழ இரண்டு பொருளுடையனபோல் தோன்றுதல் இயல்பே. அவ்விரண்டையே முடிபாக எழுதுவோர் மனித நடத்தையை அன்று, தற்செயலையே விளக்குவோராவர்.

அன்ஸ்கோம் 1973-இல் காட்டிய நான்கு தரவுத் தொகுதிகளும் ஈண்டு நினையத்தக்கன. ஒவ்வொன்றிலும் புள்ளிகள் 11. சராசரிகளும் ஒட்டுறவுக் கெழுவும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து நோக்குங்கால், ஒன்று நேர்கோட்டை ஒட்டியும், மற்றொன்று வளைந்தும் அமைகின்றன. பிறிதொன்றில் தனித்து நிற்கும் ஒரு புள்ளியே உறவைத் தோற்றுவிக்கின்றது. எண்ணை மட்டும் நோக்குவார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

ஆதலின், மாணாக்கர் முதற்கண் சிறு தரவொன்றைக் கையால் கணக்கிட்டும் வரைந்தும் பயிலுதல் வேண்டும். அதன்பின்னரே கட்டளைகளைக் கற்பித்தல் தகும். கேட்ட வினாவிற்குப் பொறி விடை தரும். அவ்வினா தரவிற்குப் பொருந்துமோ என ஆராய்தல் ஆய்வாளர் கடனேயாம்.