எழுவாய் இல்லாத வாக்கியம்

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து போயிருந்தது. ஏறத்தாழ 97,000 புத்தகங்கள். அதையொட்டிப் பிறந்த கவிதைகளில் எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' முக்கியமானது என்று பலரும் சொல்லியாகிவிட்டது. அதன் படிமத்தை நம் விமர்சகர்கள் வேண்டிய மட்டும் தடவிப் பார்த்துவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கொன்றவர்கள் யார், என்ன உடையில் வந்தார்கள் என்பதைக் கவிதை நேராகச் சொல்லிவிடுகிறது. வினைக்கு எழுவாய் இருக்கிறது.

எழுதியவர் கல்முனைப் பக்கத்து முஸ்லிம். எரிந்தது தம்முடையது என்று உணர அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. 1984இல் அவரும் அ. யேசுராசாவும் சேர்ந்து 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' தொகுத்தார்கள். அன்றைய 'நாம்' அவ்வளவு அகலம். கேட்பவனைச் சேர்த்துக்கொள்ள 'நாம்', வெளியே நிறுத்த 'நாங்கள்' - நம் மொழி இந்த வித்தியாசத்தைக் கறாராக வைத்திருக்கிறது.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள் விடுதலைப் புலிகள். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, துரத்தினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம்.

இதுபற்றி நான் எழுதியதைச் சென்ற மாதம் தேடி எடுத்தேன். ஒரே ஒரு வாக்கியம்: 'முஸ்லிம்களின் வெளியேற்றமும் நிகழ்ந்தது.' அதே கட்டுரையில் நூலகத்தை 'எரித்தார்கள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியவனுக்குத் துப்பாக்கிப் பயம் என்ற சமாதானமும் கிடையாது.

2009இல் வன்னியில் நடத்திய போரை இலங்கை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. 40,000 சிவிலியன்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அரசின் சொல்லைக் கேட்டுக் கொதித்தேன். கொன்றவனை மறைக்கும் பாஷை என்று எழுதினேன். என் 'நிகழ்ந்தது' மட்டும் வேறு எந்த பாஷை?

நண்பர் ஒருவர் கேட்கிறார்: இயக்கம் செய்ததற்குச் சமூகம் எப்படிப் பொறுப்பாகும்? சாதாரணத் தமிழனைக் கேட்டுக்கொண்டா செய்தார்கள்? கேட்கவில்லைதான், எதிர்த்துக் கேட்டவர்களை விட்டுவைக்கவும் இல்லை. ஆனால் 1983 ஜூலையைப் பற்றி ஒரு சிங்கள எழுத்தாளர் இதே வாதத்தோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம். இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. ராணுவமும் சட்டமும் கையிலிருக்கும் அரசின் குற்றத்துக்கு வேறு கனம் உண்டு. அதைச் சொல்லிக்கொண்டே இதை விழுங்குவதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் தமிழில்தான் படிக்கிறார்கள். நீதி கேட்டு நாம் எழுதும் கவிதைகளும் அவர்களுக்குப் படிக்கக் கிடைக்கும். அதில் வரும் 'நாம்' தங்களையும் சேர்த்ததுதானா என்று அவர்கள் பார்க்கமாட்டார்களா?

என் கட்டுரை மறுபதிப்பாக வர இருக்கிறது. வாக்கியத்தைத் திருத்திவிடலாம் என்றேன். பழையதைத் திருத்துவது இன்னொரு மறைப்பு என்கிறார் பதிப்பாளர். நியாயம்தான். பழையது அப்படியே இருக்கட்டும், கீழே இரண்டு வாக்கியம் போடுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். முதலாவதில் துரத்தியதற்கு எழுவாய் புலிகள். இரண்டாவதில், பேசாமலிருந்ததற்கு, நான்.