மருத்துவர் ஒருவர் போதுமா?
‘கணசத்ரு’ – திரைப்பட விமர்சனம்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அத்தகைய கோவில் ஊர் ஒன்றில், குடிக்கும் தீர்த்தமே நோயைப் பரப்புகிறது என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கும்? சத்யஜித் ராய் 1989-இல் எடுத்த ‘கணசத்ரு’ என்னும் வங்கமொழிப் படம் இதைத்தான் கேட்கிறது. நார்வே நாடாசிரியர் இப்சன் 1882-இல் எழுதிய நாடகமே இதற்கு மூலம்.

டாக்டர் அசோக் குப்தா நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உண்மையை அறிகிறார். நகராட்சித் தலைவரான அவருடைய சகோதரரே அதை மறைக்க முயல்கிறார். துளசி சேர்ந்த தீர்த்தம் கெடாது என்று வாதிடுகிறார்கள். சோதனையின் முடிவை நம்பிக்கையால் மாற்ற முடியாது என்பதைப் படம் தெளிவாக உணர்த்துகிறது. இது பெரிய சிறப்பு.

ஆனால் ஒரு குறை உண்டு. மருத்துவர் பேசுகிறார், தலைவர் பேசுகிறார், பத்திரிகையாசிரியர் பேசுகிறார். நீரேற்று நிலையத் தொழிலாளியின் குரல் மட்டும் கேட்கவில்லை.

அவர் கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்று நீரின் அமிலத்தன்மை. அதைக் காட்டுவது பி.எச். எண். 7 என்றால் நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 6.5 முதல் 8.5 வரை. எண் மிகவும் இறங்கினால் நீர் குழாயை அரிக்கும். சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்யலாம். 8-ஐத் தாண்டினால் குளோரினின் கிருமிகொல்லும் ஆற்றல் குறையும். தெளியவைக்கப் படிகாரம் சேர்த்தாலும் எண் சற்று இறங்கும். ஆகவே அடிக்கடி அளக்க வேண்டும். அளவு தவறினால், “சார், இன்று தண்ணீர் சரியில்லை” என்று அதிகாரியிடம் அஞ்சாமல் சொல்லவும் வேண்டும்.

சொல்லியும் கேளாவிட்டால்? அமெரிக்காவின் பிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்றுநீருக்கு மாறியது. அதில் குளோரைடு மிகுதி. அமிலத்தைப் போல அதுவும் உலோகத்தை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் பொருளை யாரும் சேர்க்கவில்லை. குழாய்களிலிருந்து காரீயம் கரைந்து வீடுகளுக்குச் சென்றது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கவே, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அவ்வாண்டு அக்டோபரிலேயே வேறு நீருக்கு மாற முடிவுசெய்தது. 2015 ஜூனில் மிகெல் டெல் டோரல் என்ற மத்திய அரசு அலுவலர் எழுதிய எச்சரிக்கையை, வெறும் வரைவு என்று மேலிடம் ஒதுக்கியது. மக்களுக்குப் பழைய நீர் திரும்பியது 2015 அக்டோபரில்தான்.

கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்கும் தலைமையும் நீர்ச் சுத்திகரிப்பின் ஒரு பகுதியே. படம் இதைத் தொடவில்லை. முடிவில் இளைஞர்கள் மருத்துவரை வாழ்த்திக் கோஷமிடுகிறார்கள். நமக்கும் மனம் நிறைகிறது. ஆனால் கோஷம் குழாயின் ஓட்டையை அடைக்காது.

படத்தை அவசியம் பாருங்கள். பிறகு உங்கள் ஊர் நீர்த்தொட்டியில் வேலை செய்பவரிடம் இன்றைய பி.எச். என்ன என்று கேளுங்கள். அளக்கக் கருவி உண்டா, அளந்து சொன்னால் கேட்பார் உண்டா என்றும் கேளுங்கள்.